ஈரத்தில் தெரியாத வெள்ளை

சரவணா,

நீ பெங்களூரிலிருந்து கிளம்புவதற்கு முன் இந்தக் கடிதம் உன்னிடம் சேர வேண்டும். தபாலில் போட்டால் இது மலையை விட்டு இறங்கி வாணியம்பாடி போய்ச் சேருவதற்குள் நீயே வீட்டுக்கு வந்துவிடுவாய். அதனால் எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பப் போகிறேன். "ஒரு போன் பண்ணா முடிஞ்சிடும், அதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பேப்பரு?" என்று உன் அம்மா கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் போனில் நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் கடைசியில் "நல்லாதான் இருக்கு" என்றுதான் வந்து நிற்கிறது. நீ கூப்பிடும்போதெல்லாம் மாடியில் டைல்ஸ் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாய். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன். அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

கல்யாணத்திற்கு முன்பு அப்பா மகனுக்கு எழுதும் கடிதத்தில் வாழ்க்கை, பொறுப்பு என்று கனமான வார்த்தைகள் இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். இரண்டு முறை அப்படி ஆரம்பித்துப் பார்த்தேன். படித்தால் வேறு யாரோ எழுதியது போல இருந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்ததெல்லாம் சமீபத்தில் நம் வீட்டு மாடியில் நடந்தது மட்டும்தான். அதை வரிசையாக எழுதுகிறேன். நடுவில் உனக்குப் பயன்படும்படி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள். இல்லையென்றால் தரை துடைக்கவாவது கற்றுக்கொண்டதாக இருக்கட்டும்.

திருப்பத்தூரில் டைல்ஸ் கடைக்குப் போன நாள் உனக்கு நினைவிருக்கும். பளபளப்பான சந்தன நிறத்தில் ஒன்றை நீ தொட்டுக் காட்டினாய். அந்த மாடி அறைக்கு உன்னோடு குடிவரப் போகிற பவித்ரா அதைப் பார்த்துவிட்டு நகர்ந்து போய், மழையில் நனைந்த பாறை நிறத்தில், மினுமினுப்பு இல்லாத ஒன்றை எடுத்து வைத்தாள். "கேம்ப் முடிச்சிட்டு சேத்துக் காலோட வருவேன். பளபளன்னு இருந்தா வழுக்கும்" என்றாள். மலைக் கிராமங்களுக்கெல்லாம் ஊசி மருந்துப் பெட்டியோடு போய் வருகிற நர்ஸ் சொல்லும்போது மறுக்க முடியுமா? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெள்ளைக் கோடு வேண்டும் என்றும் சொன்னாள். அப்போதுதான் அறை இருட்டாகத் தெரியாதாம். நீ "நல்லாதான் இருக்கு" என்றாய். அவள் உன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து கல்லைப் பார்த்தேன்.

வாணியம்பாடியிலிருந்து வந்த அன்வர் மேஸ்திரியை நீ பார்த்ததில்லை. வாய் ஓயாமல் பேசுவார், கையும் ஓயாது. கற்களை நூல் பிடித்தாற்போல் பதித்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிரச்சினை கடைசி நாளில் வந்தது. அன்று இடுக்குகளை அடைக்கும் வேலை. கிரவுட் என்கிற வெள்ளை மாவைக் குழைத்து, ரப்பர் பலகையால் தரை முழுக்க இழுத்துவிட்டார். மாவு இடுக்கில் இறங்கியது, கல்லின் மேலும் அப்பியது. அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மறந்தே பூட்டேன் சார். இன்னைக்கு என் பொண்ண பாக்க வர்றாங்க. நான் அங்க இல்லன்னா வூட்டுக்காரி என்ன உப்புக்கண்டம் போட்டுடுவா."

"இந்த வேலை?" என்றேன்.

"முடிஞ்சிடுச்சி சார். கொஞ்சம் இறுகட்டும். வெரல் வெச்சா ஒட்டக் கூடாது. அப்போ ஸ்பான்ஜ தண்ணில முக்கி, ஒட்டப் புழிஞ்சிட்டு, கோட்டுக்குக் குறுக்கால தொடச்சிக்கினே வாங்க. அவ்ளோதான். கொழந்த கூட செஞ்சிடும்."

வாளி, ஸ்பான்ஜ், பிளாஸ்டிக் முக்காலி ஆகியவற்றோடு வாசல் அருகே உட்கார்ந்தேன். அப்சர்வேட்டரியில் என் வேலை என்ன என்பது உனக்குத் தெரியும். பணிக்காலம் முழுவதும் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைப் பராமரிக்கும் பிரிவில்தான் இருந்தேன். அங்கே சேர்ந்த புதிதில் எங்கள் மனத்தில் பதிய வைத்தது ஒன்றுதான்: சந்தேகமாக இருந்தால் தொடாதே. கண்ணாடியின் மேல் தூசி இருந்தால் நட்சத்திரம் சற்று மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். அதைத் துடைக்கிறேன் என்று கை வைத்துக் கீறல் விழுந்துவிட்டால் அது போகாது. இயல்பிலேயே பயந்தவனான எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்காது. தொடாமல் இருந்ததற்காகப் பாராட்டு வாங்கிய ஒரே ஊழியன் நானாகத்தான் இருப்பேன்.

மேஸ்திரி சொன்னபடி விரல் வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. காத்திருந்தேன். மறுபடி வைத்தேன். ஒட்டவில்லை. ஸ்பான்ஜைப் பிழிந்து ஒரு மூலையில் துடைத்தேன். கல் சுத்தமானது, ஆனால் பக்கத்துக் கோட்டில் லேசாக ஒரு பள்ளம் விழுந்தது போலத் தெரிந்தது. உண்மையில் விழுந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. கை நின்றுவிட்டது. பவித்ரா ஆசைப்பட்ட வெள்ளைக் கோட்டை நானே அரித்து எடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். நன்றாகக் காயட்டும், காய்ந்தால் மேலே இருப்பது தூசிதானே, பூந்துடைப்பத்தால் பெருக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு வந்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! கீழே போய்ச் சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் மாடி ஏறிப் பார்த்தால் தரை முழுக்க மாவு சலித்துவிட்டது போல ஒரு வெள்ளைப் படலம். நான் எதிர்பார்த்த தூசிதான் என்று சந்தோஷமாகத் துடைப்பத்தை எடுத்தேன். பெருக்கினேன், துடைப்பம் மட்டும் நகர்ந்தது. நகத்தால் சுரண்டினேன், நகம் தேய்ந்தது. அது தூசி இல்லை, சிமெண்ட். ஈரமாக இருந்தபோது ஒரு ஸ்பான்ஜுக்கு வந்திருக்கும். இப்போது கல்லோடு கல்லாகிவிட்டது. மினுமினுப்பான கல்லாக இருந்தால் அவ்வளவு பிடித்திருக்காது. சொரசொரப்பான கல், அதிலும் கறுப்பு. வெள்ளை ஒட்டிக்கொள்ளவும், ஒட்டியதை ஊருக்கே காட்டவும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வெள்ளை மாயமாகிவிட்டது! நனைந்த பாறை நிறம், நடுவில் பளிச்சென்று கோடுகள். கடையில் அவள் சொன்னது அப்படியே கண் முன்னால். "இங்க வா, சீக்கிரம் வா" என்று உன் அம்மாவைக் கூப்பிட்டேன். முழங்கால் வலியோடு அவள் ஒவ்வொரு படியாக ஏறி வருவதற்குள் ஜன்னல் வழியே அடித்த காற்றில் தரை காய்ந்துவிட்டது.

"இன்னாங்க இது, கோலமாவு கொட்டின மாதிரி கீது?"

"இப்பதான் நல்லா இருந்தது."

"யாருக்கு?" என்றாள்.

மறுபடி தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். பார்த்தாள். "அப்ப கல்யாணத்துக்கு வர்றவங்க அத்தினி பேருக்கும் முன்னால நீங்க வாளிய தூக்கிக்கினு ஓடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் பவித்ராவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "மாமா, வேலை முடிஞ்சிதா? ஒரு போட்டோ அனுப்புங்க." அவள் நம் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிற முதல் விஷயம், மாமனார் அவள் தரையைக் கெடுத்துவிட்டார் என்பதாகவா இருக்க வேண்டும்? நீ என்ன செய்திருப்பாயோ, எனக்குத் தெரியாது. நான் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது காய்வதற்குள் போட்டோ எடுத்து அனுப்பினேன். "சூப்பர் மாமா" என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தை செருப்பில் புகுந்த கல் போல என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். "அரே, பூத்துக்கிச்சா? ஒண்ணும் இல்ல சார். பாத்ரூம் ஆசிட் ஒரு பாட்டில் ஊத்தி, பிரஷ் போட்டு ரெண்டு இழு இழுங்க, பறந்துடும்" என்றார். இடுக்கில் இருக்கிற கிரவுட் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதுவும் கொஞ்சம் போவும் சார். நான் வந்து மறுக்கா அடைச்சித் தர்றேன்." அடைத்தால் மறுபடியும் பூக்குமே என்றேன். "அப்ப மறுபடியும் ஆசிட்டு" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தது என்னவாயிற்று என்று விசாரித்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடித்துப்போய்விட்டதாம், பையனுக்கு ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலையாம். வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தேன். அவரைக் கண்டிக்கத்தான் போன் செய்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உன் அம்மாவுக்கு இதிலெல்லாம் குழப்பமே கிடையாது. "புளி எதுக்கு கீது? பித்தள குண்டான் பளபளன்னு ஆவுது, இது ஆவாதா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அது அசட்டு யோசனை இல்லை. படலம் சிமெண்ட், சிமெண்ட் புளிப்புக்குக் கரையும். பாத்ரூம் ஆசிட் முரடு, புளி சாது. நம் மரத்துப் புளி வேறு பானை பானையாக இருக்கிறது. ஆனாலும் எடுத்த எடுப்பில் அறையின் நடுவே ஊற்றாமல், கட்டில் போட்டால் மறைந்துவிடும் மூலையில் முதலில் செய்து பார்ப்போம் என்றேன். நான் செய்த காரியங்களில் சரியானது அது ஒன்றுதான். புளிக்கரைசலைத் தடவிச் சற்று ஊறவிட்டுத் தேய்த்ததும் படலம் விட்டுவிட்டது. உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும். காய்ந்த பிறகு பார்த்தோம். கல் சுத்தம், கோடெல்லாம் டீ கொட்டிய நிறம்.

"வெள்ள கோடு எவன் கேட்டான்?" என்றாள் கோபமாக. பிறகு யார் கேட்டது என்பது நினைவுக்கு வந்து, புளிச்சக்கையைத் திரட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். புளிப்பு சரி, நிறம்தான் தப்பு. அப்படியானால் நிறமில்லாத புளிப்பு வேண்டும். கோடு ஏன் புளியைக் குடித்தது? காய்ந்து கிடந்ததால். முதலிலேயே அதற்கு வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்துவிட்டால் வேறு எதையும் குடிக்க இடம் இருக்காது. இது என் புத்திக்கே எட்டியபோது பெருமையாகக்கூட இருந்தது. ஆலங்காயத்துக்குப் பஸ் ஏறிப் போய் வினிகர் வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். வைத்தவன் திறக்கவில்லை. வினிகரிலும் ஏதாவது கெடுதி இருந்தால்? இன்னும் கொஞ்சம் காய வேண்டுமோ? ஒவ்வொரு நாளும் ஒரு புதிய சந்தேகம். கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க" என்று உன் அம்மா தினமும் சொன்னாள். "சொல்றேன்" என்று நானும் தினமும் சொன்னேன்.

நீ திருப்பத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து முகம் பூசணிக்காய் போல ஆகியிருந்தது. அப்போது நீ எழுதிய கடிதத்தில் "நான் நல்லாதான் இருக்கிறேன்" என்று இருந்தது. அதே வாரம் நான் தொலைநோக்கிக் கூடத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு இருந்தேன். உன் அம்மாவை உட்கார வைத்து, "அப்பா நல்லாதான் இருக்கார்" என்று உனக்கு எழுதச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தோம். ஹாஸ்டல் வாசலில் நீ தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு நின்றாய். எதிரில் நான் கழுத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். "எப்படி இருக்க?" என்றேன். "நல்லாதான் இருக்கேன். நீங்க?" என்றாய். "நல்லாதான் இருக்கேன்" என்றேன். வார்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பனும் புள்ளையும் சேந்து என்ன பைத்தியமாக்கிடுவீங்க" என்று உன் அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு நாம் இருவரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு இந்த மாடித் தரையே சாட்சி.

போன வாரம் ஒரு காலையில் மாடியில் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிற பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. எழுந்திருப்பதற்குள் வெளிப்படிக்கட்டு வழியாக ஏறி வந்து வாசலில் நின்றாள் பவித்ரா. சீருடையில் இருந்தாள், பக்கத்துக் கிராமத்தில் கேம்ப். தரை காய்ந்து, முழு வெள்ளையாகக் கிடந்தது. வாளி எட்டாத தூரத்தில் இருந்தது.

கீழிருந்து உன் அம்மாவின் குரல்: "பவித்ரா! உள்ள போய்டாத! தாலி ஏறாம வாசப்படி தாண்டக் கூடாது!"

"தாண்டல அத்த! வெளியவேதான் நிக்கறேன்!"

பிறகு என்னைப் பார்த்து, "பஞ்சு வெச்சி இன்னா மாமா பண்றீங்க? தரைக்கி ஊசி போடப் போறீங்களா?" என்றாள்.

இன்றைக்குத்தான் இப்படி ஆயிற்று என்று ஏதோ முனகினேன். அவள் சிரித்தாள். "நீங்க அனுப்பின போட்டோல ஜன்னல் கம்பி தரையில தெரிஞ்சிது மாமா. மினுமினுப்பே இல்லாத கல்லுன்னு பாத்துப் பாத்து எடுத்தேன், அதுல எப்படிக் கம்பி தெரியும்? தண்ணி ஊத்திட்டு எடுத்திருக்கீங்க."

"அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். எத்தினி நாளுதான் பாக்கறது? நானே வந்துட்டேன்."

என் தலை குனிந்துவிட்டது. அவள் வாசலிலேயே உட்கார்ந்தாள். குரலில் இருந்த விளையாட்டு குறைந்திருந்தது. "டைல்ஸ் போனா போவுது மாமா. ஆனா இந்த வூட்ல எது நல்லா கீது, எது நல்லா இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? கடையில அவரும் 'நல்லாதான் இருக்கு'ன்னாரு. நெசமாவே அவருக்கு இந்தக் கலரு புடிச்சிதா மாமா?"

இதற்கு நல்ல பதில் ஒன்று என் வாய் வரை வந்தது, அவளைச் சமாதானப்படுத்துகிற பதில். அதைச் சொல்லியிருந்தால் அவள் அன்று திருப்தியாகப் போயிருப்பாள். கல்யாணமும் நடந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நான் சொல்கிற எதையும் அவள் நம்பியிருக்க மாட்டாள். உன்னையும் நம்பாமல் பழகியிருப்பாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "தரையைக் கெடுத்தது நான்தான். தொடைக்கச் சொன்ன நேரத்துல பயந்துக்கிட்டுத் தொடைக்காம விட்டுட்டேன்."

"அப்பாடா!" என்றாள், ஏதோ நல்ல சேதி கேட்டவள் போல. "இப்பத்தான் மாமா நீங்க ஒரு பேச்சு பேசியிருக்கீங்க. சரி, இதுக்கு இன்னா மருந்து?"

அலமாரியில் வினிகர் இருப்பதைச் சொன்னேன். வாங்கியதை ஏன் திறக்கவில்லை என்று கேட்டாள். யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். "இன்னொரு வாரம் யோசிச்சிருந்தா கல்யாண ஊறுகாய்ல ஊத்தியிருப்பாங்க" என்றாள். இடுக்கை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும் என்ற என் கணக்கைச் சொன்னதும் தலையாட்டினாள். படலத்தை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு அவள் ஒன்று சொன்னாள்: "புண்ணு மேல காஞ்சிபோன துணி மாதிரிதான் இது. இழுத்தா தோலோட வரும். ஊற வெச்சிட்டு சும்மா ஒக்காந்திருந்தா அதுவே வுட்டுடும்." வினிகரில் தண்ணீர் அதிகமாகக் கலந்து, அதில் பழைய துணியை நனைத்துக் கல்லின் மேல் விரித்தோம். அவள் படிக்கட்டு மேடையில் குப்புறச் சாய்ந்து, கைகளை மட்டும் வாசலுக்குள் நீட்டினாள். நான் உள்பக்கம்.

உன் அம்மா மேலே ஏறி வந்து இந்தக் காட்சியைப் பார்த்தாள். "கால் உள்ள வெக்கல அத்த. கை மட்டும்தான்" என்றாள் பவித்ரா, தலையைத் தூக்காமலே. உன் அம்மா வாசலைப் பார்த்தாள், அவள் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். சாஸ்திரத்தில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது என்று நெடுநேரம் யோசித்தாள். "கை வெச்சா பரவால்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து துணியைப் பிழிந்து கொடுக்க ஆரம்பித்தாள்.

ஒரு முறை துடைத்த துணியின் முகத்தால் மறுபடி துடைக்கக் கூடாது, மடித்து வேறு முகத்தை எடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது பவித்ரா கேலி செய்தாள். "கண்ணாடி வேலை இன்னும் வுடல போல." பிறகு அவள் பக்கத்துக் கல் காய்ந்ததும் திட்டுத் திட்டாக வெள்ளை இழுத்திருந்தது, என் பக்கம் சுத்தமாக இருந்தது. அவளும் துணியை மடித்துக்கொண்டாள். துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து, உலர்த்திவிட்டு, மூவரும் காத்திருந்தோம். தண்ணீர் ஊற்றி மறைத்தே பழகிய எனக்கு, காய்வதற்காகக் காத்திருப்பது புதிது. கல் காய்ந்தது. கறுப்பாகவே இருந்தது. உன் அம்மா கைதட்டினாள். நான் என்ன செய்தேன் என்பதை அவளிடமே கேட்டுக்கொள்.

கேம்ப் முடிந்து போகிற வழியில் பவித்ரா தினமும் வந்து வாசலில் படுத்தாள். நான் உள்ளிருந்து வாசலை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தேன். பேசிக்கொண்டே வேலை நடந்தது. அவள் பிரசவம் பார்த்த கதைகளைச் சொன்னாள். நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நானும் பேசினேன். உன்னைப் பற்றி நிறையக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். இது இவ்வளவு சுலபம் என்று இத்தனை வயதுக்குப் பிறகு தெரிகிறது.

உனக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அந்த மாவுக்கு ஒரு நேரம் இருக்கிறது. போட்ட உடனே துடைத்தால் இடுக்கிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வரும். அடுத்த நாள் துடைத்தால் கல்லாகியிருக்கும். நடுவில், விரலில் ஒட்டாத கொஞ்ச நேரம் இருக்கிறது. அது எப்போது வரும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கணக்குப் போட முடியாது. விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சொல்ல வேண்டிய விஷயங்களும் இப்படித்தான் என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது, எல்லாவற்றையும் டைல்ஸோடு ஒப்பிடுகிற கிழவன் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் அந்த நேரம் தவறிப்போனாலும் வழி இருக்கிறது என்பதையும் நான் பார்த்துவிட்டேன். நனைக்க வேண்டும், ஊறவிட வேண்டும், அழுத்தாமல் எடுக்க வேண்டும். நேரம்தான் அதிகம் பிடிக்கும், முழங்காலும் வலிக்கும். அந்தக் கல் நிறம் உனக்குப் பிடித்ததா இல்லையா என்பதை அவளிடம் நீயே சொல். பிடிக்கவில்லை என்றாலும் சொல். அவள் கோபித்துக்கொள்வாள், அவ்வளவுதான். கோபத்தில் அவள் எப்படி இருப்பாள் என்று நான் பார்த்துவிட்டேன். பயப்பட ஒன்றும் இல்லை.

கட்டிலுக்கு அடியில் டீ நிறக் கோடுகள் அப்படியே இருக்கின்றன, அவை இனி போகாது. மற்ற எல்லாக் கல்லும் சுத்தம், ஒன்றைத் தவிர. வாசலிலிருந்து அவள் கை எட்டாமல், நான் உள்ளிருந்து வந்து சேர்ந்த இடத்தில், வெள்ளை படிந்த ஒரு கல் பாக்கி. நேற்று நான் அதில் துணியை விரிக்கப் போனபோது தடுத்துவிட்டாள். "அது இருக்கட்டும் மாமா. கல்யாணம் ஆவட்டும், நான் உள்ள வர்றேன். அப்பறம் நான் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். நம்ம பட்ட பாடு அவருக்கும் தெரிய வேணாமா?" கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கேட்பார்களே என்று நான் கவலைப்பட்டேன். உன் அம்மா அதன் மேல் ஒரு மிதியடியைப் போட்டு மூடிவிட்டாள்.

வினிகர் பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. பழைய வேட்டி ஒன்றைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன். நாலு பக்கத்துக் கோட்டையும் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துக்கொள். மிதியடியை எடுத்தபின் யார் முதலில் குனிவது என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. நீயே குனி.

அப்பா